சண்டைப் படம் எடுக்கப் போய் அடி வாங்கக் கற்றுக்கொண்ட கதை

முதல் இரண்டு நாள் எடுத்ததை மொத்தமாகத் தூக்கிப் போட்டோம். 143 ஷாட். கணினியில் ஏற்றி வரிசையாக அடுக்கிப் பார்த்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. குண்டும் குழியுமான பாதையில் ஓடும் வண்டிக்குள்ளிருந்து எடுத்தது மாதிரி கேமரா ஆடிக்கொண்டே இருந்தது, கொஞ்சம் நின்ற இடத்தில் எல்லாம் கைக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி பல்லைக் காட்டியது. கேமராவை ஆட்டினால் வேகம் வந்துவிடும் என்று நினைத்தது நான்தான், அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர், ஒரு கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு எல்இடி விளக்கு, இரவல் வாங்கிய ஒரு பழைய கிடங்கு, அதையொட்டிய மாடிப்படி. வாரக் கடைசிகளில் மட்டும் எடுத்து 13 நாளில் முடித்தோம். படம் 26 நிமிடம், அதில் சண்டை மட்டும் ஒன்பது நிமிடம். கதை இவ்வளவுதான்: கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரு செடியை ஒரு பெண் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வழியில் தவறான கட்டடத்துக்குள் நுழைந்துவிடுகிறாள், உள்ளே இருப்பவர்கள் அவளை வேறு யாரோ என்று நினைத்துத் தாக்குகிறார்கள், அவளோ கடைசிவரை ஜாடியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள்.

இந்த ஜாடி வந்ததற்குக் காரணம் கற்பனை வளம் எல்லாம் இல்லை. நாயகியாக நடித்த தோழிக்கு எட்டு வருடக் கராத்தே பயிற்சி உண்டு, ஆனால் இடது தோள் ஒரு தடவை நழுவி மீண்டது. அந்தக் கையை வீசவோ ஊன்றவோ கூடாது. சரி, அந்தக் கையில் எதையாவது கொடுத்துவிடுவோம் என்று யோசித்துத்தான் ஜாடிக்கு வந்தோம். முதலில் அதற்குள் மீன் இருந்தது. உயிருள்ள ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு 40 டேக் போவது என்பது நினைக்கவே நன்றாக இல்லை, மீன் செடியாகிவிட்டது. கதைக்கும் அது நல்லதாகப் போயிற்று. ஒரு கை கட்டிப்போட்ட மாதிரி இருந்ததால் ஒவ்வொரு அசைவையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. உதைத்துவிட்டுத் திரும்பும்போது ஜாடித் தண்ணீர் சிந்தாமல் இருக்கிறதா என்று அவள் பார்க்கிற ஒரு பார்வை இருக்கிறது, எந்த வசனமும் இல்லாமலே ஆள் எப்படிப்பட்டவள் என்று அது சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள் படப்பிடிப்பே நடத்தவில்லை. கேமராவை முக்காலியில் போட்டுவிட்டு, ஒரே ஒரு குத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வேறு வேறு கோணத்தில் எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றையும் விட அதிகம் கற்றது அன்றுதான்.

லென்ஸுக்கு ஆழம் தெரியாது. அடிப்பவர், வாங்குபவர், கேமரா மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கை வீசிப் போனால், முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தாலும் படத்தில் தெரியாது. நாங்களோ குத்துச்சண்டைப் போட்டி ஒளிபரப்பு மாதிரி இருவரையும் பக்கவாட்டில் நிறுத்தி எடுத்திருந்தோம், இடைவெளி அப்பட்டமாகத் தெரிவதற்கு அதைவிட நல்ல கோணம் கிடையாது. வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலிருந்தோ அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்தோ எடுத்தால் அதே சோப்ளாங்கிக் குத்து தாடையைப் பெயர்ப்பது போலத் தெரிந்தது. நேராகப் பாயும் குத்தைவிட வளைந்து வீசும் குத்து கேமராவுக்கு நல்லது, குறுக்கே கடக்கும் தூரம் அதிகம். 85 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றால் இடைவெளி இன்னும் சுருங்கிப்போகிறது. 24 மி.மீ. லென்ஸ் கிடங்கைப் பெரிதாகக் காட்டியது, கேமராவை நோக்கி வரும் உதையைப் பயங்கரமாக்கியது, ஆனால் முகத்தில் விழும் அடிக்கு அதை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்த சிக்கல் வேகம். நாயகி நிஜமாகக் கற்றவள் என்பதே எங்களுக்கு எதிராக வேலை செய்தது. பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது என்ன, குத்து வரப்போவது எதிராளிக்குத் தெரியக்கூடாது என்பது. சினிமாவில் வேண்டியது அதற்கு நேர்மாறு. தோள் பின்னால் போக வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், பார்ப்பவருக்கு ‘இதோ வருகிறது’ என்று தெரிய வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம் என்ற கணக்கில் அவளுடைய குத்து மூன்று நான்கு ஃப்ரேமில் முடிந்துவிடும், அந்த மூன்று நான்கும் மங்கலான தீற்றலாகத்தான் இருக்கும். 1966இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் புரூஸ் லீயின் அசைவுகள் கேமராவில் சரியாகப் பதியவில்லை என்று அவரையே மெதுவாகச் செய்யச் சொன்ன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லித்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். “அப்படியென்றால் நான் தப்பாகக் குத்த வேண்டும், அவ்வளவுதானே?” என்றாள். அவ்வளவுதான்.

தீற்றலைக் குறைக்க ஷட்டரையும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தையும், மாற்றினோம். 24 ஃப்ரேமுக்கு வழக்கமாக 1/48 அல்லது 1/50 நொடி வைப்பார்கள். அதை 1/100 ஆக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாகி, கை கால் வெட்டி வெட்டிப் போவது போல ஒரு முரட்டுத்தனம் வரும், சண்டைக்கு அது பொருத்தம். ஆசைப்பட்டு முதல் நாள் 1/160 வைத்திருந்தேன், கிடங்கின் குழல் விளக்குகள் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகளாக ஓடின. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, அதனால் 1/50 அல்லது 1/100 வைத்தால் தப்பிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60, 1/120. ஷட்டரை ஒரு படி ஏற்றினால் வெளிச்சம் பாதியாகிவிடும் என்பதும் அப்புறம்தான் உறைத்தது, இரண்டு விளக்கையும் மிக அருகில் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மூன்றாம் நாள் சோதனையில் ஒரு விஷயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது: நல்ல குத்து, மோசமான ரியாக்ஷன் என்றால் அந்த ஷாட் பொய், மோசமான குத்து, நல்ல ரியாக்ஷன் என்றால் அந்த ஷாட் உண்மை. குத்தையே மறைத்துவிட்டு வாங்குபவர் முகத்தை மட்டும் காட்டினால்கூட வலித்தது. அதுவரை அடிப்பவருக்குத்தான் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது, அன்றிலிருந்து அடி வாங்குபவருக்கு நடந்தது. முடியைப் பிடித்து இழுப்பதென்றால் இழுப்பவர் கையை மூடித் தலைமேல் வைத்தால் போதும், அந்தக் கையை வாங்குபவர் தன் இரண்டு கையாலும் தலையோடு அழுத்திக்கொண்டு தானாகவே இழுபடுவார். கழுத்தை நெரிப்பதிலும், சுவரில் மோதுவதிலும் இதே விதி. எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் வாங்குபவர் கையில். நாடக மேடைச் சண்டையில் இது அடிப்படைப் பாடம் என்று பிறகு தெரிந்துகொண்டோம், நாங்கள் ஒரு வாரம் விழித்து விழித்துக் கண்டுபிடித்தோம்.

ஒத்திகையைக் கால் வேகம், அரை வேகம், முக்கால் வேகம் என்று ஏற்றினோம். முக்காலைத் தாண்டி ஒருபோதும் போகவில்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இருவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்க்கவில்லை என்றால் அடி வராது. இந்தச் சட்டத்தை எழுதியவனும் நான், மீறியவனும் நான். ஐந்தாம் நாள், எதிராளியைப் பார்ப்பதற்குப் பதிலாக கேமரா ஓடுகிறதா என்று சிவப்பு விளக்கைப் பார்த்தேன், தலை ஒரு நொடி தாமதமாகத் திரும்பியது, அவள் முழங்கை என் மூக்கில். உடையவில்லை. ரத்தம் வந்தது, அன்றைய வேலை நின்றது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அந்த ஷாட்டைப் போட்டுப் பார்த்தோம், வேடிக்கை என்னவென்றால் நிஜ அடி படத்தில் பொய்யாகத் தெரிந்தது. நிஜமாக அடிபட்டவன் அப்படியே நின்று மூக்கைத் தொட்டுப் பார்க்கிறான், பறந்து போய் விழுவதில்லை.

ஷாட் எடுக்கும் முறையையும் மாற்றினோம். முன்பு முழுச் சண்டையையும் தொடக்கம் முதல் முடிவு வரை வைடில், அதாவது தள்ளி நின்று எல்லாம் தெரியும்படி, ஒரு தடவை, பிறகு கிட்டத்தில் ஒரு தடவை என்று எடுத்தோம். எல்லோருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். ஹாங்காங் சண்டைப் படங்களில் அப்படிச் செய்வதில்லை. மூன்று நான்கு அசைவுக்கு ஒரு துண்டு, அந்தத் துண்டுக்கு எது சிறந்த கோணமோ அதை மட்டும் வைத்து எடுப்பார்கள், எடிட்டை மனதில் முடித்துவிட்டுத்தான் கேமராவை வைப்பார்கள். ஆள் பலமோ நேரமோ இல்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான முறை இல்லை. நான்கு அசைவை நினைவில் வைத்தால் போதும், எட்டாவது டேக்கிலும் தெம்பு இருக்கும். அவர்களிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டோம்: ஸ்பாட்டில் ஒலியைப் பதிவதில்லை. அங்கே பல பத்தாண்டுகள் ஒலி இல்லாமல் எடுத்துப் பிறகு டப்பிங் செய்வதே வழக்கமாக இருந்தது. ராபர்ட் ரோட்ரிக்ஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்து 1992இல் வெளிவந்த முதல் படத்திலும் கேமராவோடு சேர்த்து ஒலி பதியவில்லை, தனியாகப் பதிந்துதான் பொருத்தினார். ஒலி வேண்டாம் என்று முடிவெடுத்த நிமிடத்திலிருந்து ஷாட் ஓடும்போதே “இடது, குனி, இப்போது விழு” என்று கத்திச் சொல்ல முடிந்தது. பாதி ரிடேக் அதிலேயே குறைந்தது.

விழுவதைப் பற்றி. ஒரு ஆள் மாடிப்படியில் உருண்டு விழ வேண்டும் என்று திரைக்கதையில் எழுதி வைத்திருந்தேன். எழுதுவதற்கு என்ன. ஸ்டன்ட் பயிற்சி எடுத்தவர் எங்களில் யாரும் இல்லை, அதனால் யாரும் படியில் உருளவில்லை. மேலே கால் தடுக்குவது ஒரு ஷாட். அடுத்தது தட்டையான தரையில் மெத்தை விரித்து உருளும்போது கேமராவை நன்றாகச் சாய்த்து, பின்னணியில் சுவர் மட்டும் தெரியும்படி, ஒரே ஒரு நொடி. கடைசியில் கீழ்ப்படியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் சாய்ந்து ஃப்ரேமுக்குள் வந்து விழுவது. மூன்றையும் ஒட்டி, படிக்கட்டில் தடதடவென்று ஒரு ஒலியைப் போட்டால் போதும், பார்த்தவர்களில் இரண்டு பேர் ‘ஐயோ’ என்றார்கள்.

மேஜை உயரத்திலிருந்து பின்னால் சாய்வது ஒன்றுதான் நிஜமான விழுதல். அதற்குக் காலி அட்டைப் பெட்டிகளை இரண்டு அடுக்காக நெருக்கமாக அடுக்கி, சுற்றிக் கயிறு கட்டி, மேலே மெத்தை போட்டோம். பெட்டியின் மூடியை டேப் போட்டு ஒட்டிவிடக் கூடாது, அமுங்கும்போது காற்று வெளியேற வேண்டும், இல்லையென்றால் அது பெட்டி இல்லை, பாறை. விழுந்த பிறகு நசுங்கிய பெட்டியை மாற்றாமல் அடுத்த டேக் போகக் கூடாது. முழங்கால், முழங்கை பேட் எல்லாம் சட்டைக்குள் எப்போதும் இருந்தன, தளர்வான உடையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

வில்லன் ஆட்கள் படத்தில் 14 பேர். நிஜத்தில் நான்கு பேர். தொப்பி, ஹெல்மெட், முகமூடி, தாடி, சட்டை மாற்றம். கேமராவுக்கு முதுகைக் காட்டி அடி வாங்கியவர் அடுத்த ஷாட்டில் வேறு ஆளாக ஓடிவருவார். யார் எப்போது எந்தச் சட்டையில் செத்தார் என்று எழுதி வைத்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் நாசமாகியிருக்கும்.

எடிட்டுக்கு வந்தபோதும் ஃப்ரேம் கணக்குதான். பழைய படங்களில் நொடிக்கு 22 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டுவார்கள், ஏறக்குறைய 9 சதவீதம் வேகம் கூடும், கண்ணுக்குத் திருட்டு தெரியாது. எங்கள் கேமராவில் 22 கிடையாது. மென்பொருளில் மொத்தமாக வேகத்தைக் கூட்டியபோது நடையும் தலைமுடியும்கூட அவசரப்பட்டு, நகைச்சுவைக் காட்சி ஆகிவிட்டது. அதை விட்டுவிட்டு, கை முகத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் இரண்டே ஃப்ரேமை உருவி எடுத்தோம். அவ்வளவுதான், குத்துக்குக் கனம் வந்துவிட்டது. இன்னொரு தந்திரம் இதற்கு நேர் எதிரானது: வைடிலிருந்து கிட்டத்து ஷாட்டுக்கு அடியின்மேல் வெட்டும்போது, இரண்டாவது ஷாட்டை அடி படுவதற்கு மூன்று ஃப்ரேம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். கணக்குப்படி அடி ஒன்றரை தடவை விழுகிறது. ஆனால் வெட்டு நடக்கும் நேரத்தில் கண் புது ஷாட்டைப் புரிந்துகொள்ளவே கொஞ்சம் நேரம் எடுக்கிறது, அதற்குள் போய்விடுவதை இந்த மூன்று ஃப்ரேம் திருப்பிக் கொடுக்கிறது. கணக்காகச் சரியாக வெட்டிய இடங்கள்தான் எங்களுக்குத் தப்பாகத் தெரிந்தன.

ஒலியை ஒரு சிறிய அறையில், போர்வைகளைத் தொங்கவிட்டு, நான்கு இரவு பதிந்தோம். ஒரு குத்துக்கு மூன்று அடுக்கு. காற்றைக் கிழிக்கும் ஒலிக்கு மெல்லிய பிரம்பை மைக்குக்கு முன் வீசினோம். தோல் ஜாக்கெட்டை மடித்து மேஜையில் வைத்துக் கையால் அறைந்தது சதையின் ஒலி. எலும்புக்கு கேரட்டை ஈரத்துணியில் சுற்றி முறித்தோம். மூன்றும் சேர்ந்தும் ஏதோ ஒன்று குறைந்தது, இரண்டு இரவு அலைந்த பிறகுதான் தெரிந்தது: வாங்குபவரின் மூச்சு இல்லை. ‘ஹக்’ என்று வயிற்றிலிருந்து வெளியேறும் அந்தக் காற்று. திரையைப் பார்த்துக்கொண்டே, அவரவர் வாங்கிய அடிக்கு அவரவரே நெஞ்சில் கையை அடித்துக்கொண்டு மூச்சு விட்டார்கள். அதைச் சேர்த்த பிறகு கேரட்டைப் பாதி இடங்களில் எடுத்தே விட்டோம்.

கடைசியாக ஜாடி. படம் முழுக்க அவள் பிடித்திருப்பது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக், கீழே போட்டாலும் உடையாது. முடிவில் அது உடைய வேண்டும். உடைகிற கண்ணாடியை சர்க்கரையில் செய்வது பழைய சினிமா வித்தை, 1985இல் வந்த ஜாக்கி சானின் ‘போலீஸ் ஸ்டோரி’ படத்தில் உடைந்த கண்ணாடிக்குக் கணக்கில்லாமல் போய் ஸ்டன்ட் குழுவினர் அதைக் ‘கண்ணாடிக் கதை’ என்றே அழைத்தார்கள். சர்க்கரை மூன்றரைக் கப், தண்ணீர் இரண்டு கப், கார்ன் சிரப் ஒரு கப், க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி கால் டீஸ்பூன். 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். வெப்பமானி இல்லாமல் முயன்ற முதல் தடவை சீக்கிரம் இறக்கிவிட்டோம், ஆறிய பிறகு கண்ணாடி மாதிரி உடையாமல் பிசின் மாதிரி வளைந்தது. இரண்டாவது தடவை அதிகம் போய்ப் பழுப்பாகிவிட்டது. மூன்றாவது தடவை வெப்பமானி வாங்கினோம். அந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரும், கையில் தடித்த கையுறையும். சிலிக்கோன் அச்சுக்குள் ஊற்றி, சுவர் எல்லாம் படியும்படி கையால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஆற வைத்தோம். ஏழு வார்த்ததில் மூன்று தேறியது.

தேறிய பிறகுதான் ஒருவர் மெல்லக் கேட்டார்: “இதில் தண்ணீர் ஊற்றினால் கரையுமே?”

கரையும். சர்க்கரைதானே. தண்ணீர் இல்லாமலே அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு மணி நேரத்தில் பிசுபிசுக்கத் தொடங்கியது. அதனால் விழுவதற்கு முந்தைய ஷாட் வரை அக்ரிலிக். கையை விட்டு நழுவும்போது வெட்டு. தரையில் மோதும் ஷாட்டில் செடி மட்டும் வைத்த காலி சர்க்கரை ஜாடி, அது மோதும் நொடியில் ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து ஒருவர் ஒரு குவளைத் தண்ணீரை வீச வேண்டும். துண்டுகள் நிஜக் கண்ணாடி அளவு இல்லை என்றாலும் கூர்மைதான், அதனால் கேமராவுக்குப் பின்னால் எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அவளை மட்டும் நான்கு அடி தள்ளி நிறுத்தினோம்.

முதல் ஜாடி பெட்டியிலிருந்து எடுக்கும்போதே காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. இரண்டாவது அழகாக உடைந்தது, தண்ணீர் அரை நொடி தாமதம். மூன்றாவதில் எல்லாம் கச்சிதம், உடைதல், தண்ணீர், செடி உருண்ட விதம், வெளிச்சம், எல்லாம். கைதட்டினோம்.

படத்தில் இருப்பது இரண்டாவது. உடைந்ததற்கும் தண்ணீர் வந்ததற்கும் நடுவே இருக்கிற அந்த அரை நொடியில் பின்னால் அவள் முகம் தெரிகிறது, ஏதோ தவறாகிவிட்டது என்று நிஜமாகவே பதறிய முகம், மூன்றாவது டேக்கில் அது இல்லை. தாமதமாக வந்த தண்ணீரை ஒலியை வைத்து ஓரளவு மறைத்துவிட்டோம். மறைக்க முடியாதது ஒன்று உண்டு: அந்த ஷாட்டின் இடது மூலையில் செத்துக் கிடக்கும் ஆள் நான், வீசிய தண்ணீர் ஓடிவந்து என் சட்டைக்குள் புகும்போது பிணம் ஒரு தடவை நன்றாக நெளிகிறது.